தோள்பட்டை வலி: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

(பிசியோதெரபிஸ்ட் நான். ரிப்போர்ட்ட மட்டும் போட்டு "ஆபரேஷன் வேணுமா"ன்னு கேக்காதீங்க, கைய பாக்காம சொல்ல முடியாது.)

கே: ரொட்டேட்டர் கஃப்னா என்ன சார், ஏன் அதுவே கிழியுது?
கை எலும்போட தல ஒரு பந்துன்னா, அது உக்காந்திருக்கிற குழி அதவிட சின்ன தட்டு, இடுப்பு மாதிரி ஆழமான கிண்ணம் இல்ல, அதனாலதான் கை இவ்ளோ சுத்துது. பந்து நழுவாம நாலு தசை புடிச்சிருக்கு, இந்த நாலும் சேந்ததுதான் ரொட்டேட்டர் கஃப்: மேல சூப்ராஸ்பினேட்டஸ், பின்னாடி இன்ஃப்ராஸ்பினேட்டஸ், டெரிஸ் மைனர், முன்னாடி சப்ஸ்காபுலாரிஸ். கைய தூக்கும்போது தோள மூடியிருக்கிற டெல்டாய்டுங்கிற பெரிய தசை பந்த மேல இழுக்கும், இவங்க தட்டுலயே அமுக்கி வெக்கணும். அதிகமா அடி வாங்கறது மேல இருக்கிறவர்தான். ஆக்ரோமியன்னு எலும்புக் கூரை, அதுக்கும் பந்துக்கும் நடுவுல சுமாரா 1 சென்டிமீட்டர், அந்த சந்துலதான் அவரோட தசைநார் போகுது, கூடவே பர்சாங்கிற வழுக்குப் பையும்.

கே: கொடில துணி போடும்போது பாதி தூக்கினா சுளீர்ங்குது, முழுசா தூக்கிட்டா இல்ல.
60லேர்ந்து 120 டிகிரிக்குள்ள வலின்னா அந்த நார் மேலதான் முதல் சந்தேகம். கொடிய மார்பு உயரத்துக்கு இறக்கி கட்டுங்கக்கா. யாரும் கைய இழுத்து சொடுக்க விடாதீங்க.

கே: சுகர் இருக்கு, ப்ளவுஸ் பின் ஹூக் போட முடியல.
முழங்கைய இடுப்போட ஒட்டி வெச்சு இன்னொருத்தர் வெளிப்பக்கமா திருப்பினாலும் திரும்பலன்னா ஃப்ரோசன் ஷோல்டரா, அதாவது மூட்டே இறுகிப் போனதா இருக்கலாம். அது வேற கத. டாக்டர பாருங்க.

கே: எம்ஆர்ஐல பார்ஷியல் டியர்! பயமா இருக்கு, வயசு 61.
பார்ஷியல் டியர்னா நார் பாதி கிழிஞ்சிருக்கு, முழுசா அறுந்துடல. 1995ல வந்த ஒரு ஆய்வுல வலியே இல்லாத 96 பேர ஸ்கேன் பண்ணாங்க. 34 சதவீதம் பேருக்கு கிழிசல், 60 தாண்டினவங்கள்ல 54 சதவீதம். நரைய பாத்து பயப்படுவீங்களா?

கே: எனக்கும் பார்ஷியல் டியர் சார்.
மேல படிங்க.

கே: எனக்கு டைப் 3 ஆக்ரோமியனாம், கொக்கி மாதிரி. அது நார அறுக்குதுன்னு சீவணும்கிறாங்க.
1972ல நீர்ங்கிற அமெரிக்க சர்ஜன் சொன்ன கணக்கு இது, கூரை உரசி நார் தேயுதுன்னு. 1986ல பிக்லியானி தட்டை, வளைவு, கொக்கின்னு மூணா பிரிச்சார். கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா நிறைய பார்ஷியல் கிழிசல் கூரைய பாத்த பக்கம் இல்ல, மூட்டு பக்கம், அடியில ஆரம்பிக்குது. கூரை உரசி அடிப்பக்கம் எப்படி கிழியும்?

கே: அப்ப சீவினவங்களுக்கு சரியாகுதே? எங்க மாமாவுக்கு ஆச்சு.
ஆகும் தம்பி, அதான் விஷயமே. இங்கிலாந்துல 300க்கு மேல ஆளுங்கள மூணு பிரிவா பிரிச்சு, ஒரு பிரிவுக்கு எலும்ப சீவி, இன்னொண்ணுக்கு கேமராவ உள்ள விட்டு பாத்துட்டு மட்டும் மூடினாங்க, 2018ல லான்செட்டுங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு, ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல. ஒண்ணுமே செய்யாத மூணாவது பிரிவ விட இவங்களுக்கு கொஞ்சம் தேவல, அதுவும் பெருசா இல்ல. மாமா ஆபரேஷனுக்கப்புறம் மூணு மாசம் ஓய்வு, பயிற்சின்னு இருந்தாரா இல்லையா, அத கேளுங்க.

கே: மாமா ஜிம்முக்கே போகல சார், சும்மா சொல்லாதீங்க.
சரி, சீவினதுனாலயேன்னு வெச்சுக்கோங்க. எனக்கு ஒரே ஒரு மாமா போதாது.

கே: பார்ஷியல் டியர், வயசு 58...
மேல. மேல.

கே: முந்தாநாள் பைக்லேர்ந்து விழுந்தேன், எக்ஸ்ரே நார்மல்னாங்க, ஆனா கை தூக்கவே வரல, இன்னொரு கையால தூக்கி விட்டா தொப்னு விழுது. என்ன பயிற்சி?
பயிற்சி வேணாம். எக்ஸ்ரேல நார் தெரியாது. முழுசா அறுந்திருக்கலாம், நாள் தள்ளிப்போனா தசை சுருங்கி தைக்கறது கஷ்டமாயிடும். நாளைக்கே ஆர்த்தோ டாக்டர்கிட்ட போங்க தம்பி, போய்ட்டு வந்து இங்க சொல்லுங்க.