எம்.ஓ.டி. தேவையில்லாத எம்ஜிபி: நம்பி வாங்கலாமா?

இங்கிலாந்தின் ரெடிங்கில் ஐ.டி. வேலையில் இருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்பது காலேஜ் நாளிலிருந்தே ஆசை. கையில் 9,000 பவுண்டு இருக்கிறது. ஒரு டீலரிடம் 1973 எம்ஜிபி ரோட்ஸ்டர் பார்த்தேன். சிவப்பு, பளபளவென்று இருக்கிறது, முழுக்க ரெஸ்டோர் செய்தது என்கிறார். கடைசி எம்.ஓ.டி. (இங்கே வண்டிகளுக்கு நடக்கும் வருடாந்தரச் சோதனை) 2017இல். 40 வருடம் தாண்டிய வண்டிக்கு அது தேவையே இல்லை, கவலைப்படாதீர்கள் என்கிறார். அதே கடையில் வி8 எஞ்சின் மாற்றிய இன்னொரு ரோட்ஸ்டரும் நிற்கிறது, அதற்கும் தேவையில்லையாம். எனக்கு மெக்கானிக் விஷயம் எதுவும் தெரியாது. நம்பி வாங்கலாமா?"

இப்போதைக்கு வாங்காதீர்கள், அட்வான்ஸும் கொடுக்காதீர்கள். கார் மோசம் என்று நான் சொல்லவில்லை, நல்ல வண்டியாகவே இருக்கலாம். ஆனால் அது நல்ல வண்டி என்பதற்கு அந்த டீலர் இதுவரை ஒரு ஆதாரமும் காட்டவில்லை. எம்.ஓ.டி. தேவையில்லை என்பது சட்டம் தந்த சலுகை. அதை வண்டிக்குக் கிடைத்த சர்டிபிகேட் போலக் காட்டி விற்கிறார்கள், எனக்கு எரிச்சலே அதில்தான். 2018 மே மாதத்திலிருந்து 40 வருடம் தாண்டிய கார்களுக்கு இங்கே வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை. உடைமையாளர் தபால் நிலையத்தில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு, "என் வண்டி சலுகைக்குத் தகுதியானது" என்று சொன்னால் போதும், யாரும் வந்து பார்ப்பதில்லை. ஐந்து வருடம் ஓடிய சாதாரண காரை வருடா வருடம் ஜாக்கியில் ஏற்றிப் பார்க்கும் ஒரு நாட்டில், ஐம்பது வருடத் தகரத்தை மட்டும் யாரும் பார்க்க வேண்டாமாம். இத்தனைக்கும் வண்டி ஆபத்தான நிலையில் ரோட்டில் பிடிபட்டால், எம்.ஓ.டி. சலுகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 2,500 பவுண்டு வரை அபராதம், லைசென்ஸில் 3 பாயின்ட். அது ஓட்டுகிற உங்கள் தலையில்தான் விழும்.

சரி, என்ன செய்யலாம்? முதல் வேலைக்குக் காசே வேண்டாம். அரசாங்க இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் 2005க்குப் பிறகு நடந்த எம்.ஓ.டி. சோதனைகள் வரும்: தேறியதா, எதனால் தேறவில்லை, அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது, எல்லாம். உங்கள் வண்டி கடைசியாக 2017இல் சோதனைக்குப் போனது என்கிறீர்கள். அந்தக் கடைசிச் சோதனையில் என்ன குறிப்பு எழுதினார்கள் என்று நிதானமாகப் படியுங்கள். 'சில்' என்று, கதவுக்குக் கீழே இருக்கும் பகுதியில் துரு என்று ஒரு வரி இருந்து, அதற்குப் பிறகு சோதனைக்கே போகாமல், இப்போது புது பெயிண்டில் நிற்கிறது என்றால் அந்தத் துரு எங்கே போனது என்று டீலரைக் கேளுங்கள். வெட்டி எடுத்து வெல்டிங் செய்திருந்தால் போட்டோவும் பில்லும் இருக்கும். இல்லையென்றால் அது பெயிண்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

எம்ஜிபி விஷயத்தில் எஞ்சினைப் பற்றிப் பயப்படவே வேண்டாம். 1798 சிசி, நான்கு சிலிண்டர், முரட்டு எஞ்சின். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் இந்தக் கார்களை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், அதனால் பார்ட்ஸ் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. சூடான எஞ்சினில் ஓடும்போது ஆயில் பிரஷர் 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டுகிறதா, இரண்டாவது கியர் சத்தமில்லாமல் விழுகிறதா, ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருந்தால் உடனே பிடிக்கிறதா என்று ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள், போதும். அதில் எது கெட்டிருந்தாலும் கணக்குப் போட்டு சரிசெய்துவிடலாம்.

பாடி அப்படியல்ல. இந்தக் காருக்குத் தனி சேஸி கிடையாது. தகரத்தால் ஆன உடம்பேதான் எலும்பும். அதிலும் ரோட்ஸ்டருக்கு மேல்கூரை இல்லாததால், கதவுக்குக் கீழே முன்னும் பின்னும் ஓடும் சில் என்ற பெட்டிதான் வண்டியின் நடுப்பகுதியைத் தாங்குகிறது. வெளியே தெரிவது ஒரு தகடு மட்டும். உள்ளே நடுவில் ஒரு தகடு, அடியில் ஒரு நீளப்பட்டை என்று அடுக்கடுக்காக இருக்கிறது. ஈரம் உள்ளே தங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பெரும்பாலும் எதுவும் மிச்சமிருக்காது. இதை ஒழுங்காகச் சரிசெய்ய முன் ஃபெண்டரைக் கழற்ற வேண்டும், வண்டி நடுவில் வளைந்துவிடாமல் முட்டுக் கொடுக்க வேண்டும், மூன்று அடுக்கையும் வெட்டி மாற்ற வேண்டும். கார் விலையில் பாதியைச் சாதாரணமாக விழுங்கிவிடும் வேலை அது. அதனால் கெட்ட டிங்கரிங்காரர் என்ன செய்வார் தெரியுமா? பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் அடித்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்துவிடுவார். இன்னும் சிலர் மினுமினுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டையை மேலே மாட்டி அலங்காரம் என்பார்கள். அந்தப் பட்டையைக் கண்டால் நான் நேராக டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்துவிடுவேன்.

மெக்கானிக் விஷயம் தெரியாது என்கிறீர்கள், ஆனால் இதைப் பார்க்கக் கண் இருந்தால் போதும். முன் ஃபெண்டர் போல்ட் போட்டு மாட்டியது. ஆகவே அதன் கீழ்ப்பகுதி சில்லைத் தொடும் இடத்தில் ஒரு கோடு, நகம் நுழைகிற மாதிரி ஒரு இணைப்பு, தெரிந்தே ஆக வேண்டும். வழவழவென்று கோடே இல்லாமல் இருந்தால் அங்கே பட்டி இருக்கிறது. ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஃபெண்டரின் கீழ் மூலையிலும் பின் சக்கரத்துக்கு முன்னாலும் வைத்துப் பாருங்கள், தகரம் இருக்கும் இடத்தில் ஒட்டும், பட்டி இருக்கும் இடத்தில் நழுவும். கதவைத் திறந்து மூடுங்கள், கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று பாருங்கள். பிறகு டீலரிடம் சொல்லி, அந்தப் பக்கத்தை ஜாக்கியில் ஏற்றிவிட்டு மறுபடி கதவைத் திறக்கச் சொல்லுங்கள். கதவு இடித்தால், இடைவெளி சுருங்கினால், உடம்பு வளைகிறது என்று அர்த்தம், காபி கூடக் குடிக்காமல் கிளம்பி வந்துவிடுங்கள். சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கவும் மறக்காதீர்கள், 1973 மாடலில் பேட்டரி உட்காரும் பெட்டி அங்கேதான், அதுவும் துருவுக்குப் பிடித்த இடம். அடியில் கறுப்பாகத் தார் போலப் புதிதாக அடித்திருந்தால் பாதுகாப்புக்கு என்பார்கள். விற்பதற்கு முந்தின வாரம் அடித்தது எதைப் பாதுகாக்க?

"முழுக்க ரெஸ்டோர் செய்தது" என்ற வார்த்தைக்கு இந்தத் தொழிலில் வரையறையே கிடையாது. வெறும் பாடியாக, பெயிண்ட் இல்லாமல், உள் சில் தெரிகிற மாதிரி எடுத்த போட்டோக்கள் இருக்கின்றனவா? அதுதான் ரெஸ்டோரேஷன். 1988இலிருந்து பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் எம்ஜிபிக்குப் புது பாடியையே செய்து விற்கிறது, அப்படி மாற்றியிருந்தால் பில் இருக்கும், அந்த வண்டிக்கு நான் கூடுதலாகவே கொடுப்பேன். போட்டோவும் இல்லை, பில்லும் இல்லை என்றால் அது பெயிண்ட் அடித்த வண்டி, அவ்வளவுதான்.

இப்போது அந்த வி8. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டீலர் சொன்னது பெரும்பாலும் தவறு. 40 வருடச் சலுகை, கடந்த 30 வருடத்துக்குள் பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்குத்தான். எஞ்சினில் சிலிண்டர் எண்ணிக்கை மாறினால் அது பெரும்பாலும் பெரிய மாற்றமாகவே கருதப்படும். நான்கு சிலிண்டர் போய் எட்டு வந்திருக்கிறது. "எம்ஜி கம்பெனியே வி8 போட்டதே" என்று டீலர் சொல்வார். உண்மைதான், 1973 முதல் 1976 வரை ரோவரின் 3.5 லிட்டர் வி8 போட்டு விற்றார்கள், ஆனால் அது மூடிய கூரையுள்ள ஜிடி மாடலில் மட்டும். அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து வி8 ரோட்ஸ்டர் வரவே இல்லை. ஆக இது யாரோ ஒருவர் பிறகு மாற்றியது. எப்போது மாற்றினார்? 30 வருடத்துக்கு முன்னால் என்று பில்லோடு காட்டினால் சலுகை உண்டு. அந்த மாடல் உற்பத்தியில் இருந்த காலத்திலோ, உற்பத்தி நின்ற 10 வருடத்துக்குள்ளோ இப்படி மாற்றுவது நடப்பில் இருந்தது என்று நிரூபிக்க முடிந்தாலும் வாதாடலாம். ஆனால் அந்த நிரூபணம் யார் பொறுப்பு? படிவத்தில் கையெழுத்துப் போடும் உங்கள் பொறுப்பு. விபத்து நடந்து இன்ஷூரன்ஸ்காரர் கேள்வி கேட்கும் நாளில் டீலர் போனை எடுக்க மாட்டார். எனவே வி8 வண்டி வேண்டுமென்றால் முறையாக எம்.ஓ.டி. எடுத்து, மாற்றத்தை ஆவணத்தில் பதிந்து, இன்ஷூரன்ஸ்காரருக்கும் சொல்லி ஓட்டுங்கள். முதல் பழைய கார் உங்களுக்கு இதுவாக இருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

சிவப்பு வண்டிக்கே வருவோம். சலுகை உள்ள வண்டியையும் விருப்பப்பட்டால் சோதனைக்குக் கொண்டுபோகலாம், யாரும் தடுக்கவில்லை. காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. டீலரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "நான் சொல்லும் கராஜில் எம்.ஓ.டி. எடுத்துத் தாருங்கள், கட்டணம் நான் கொடுக்கிறேன்." பிரேக், ஸ்டீயரிங், கண்ணுக்குத் தெரிகிற துரு எல்லாம் அதில் வந்துவிடும். சோதனை செய்பவர் எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள், மேல் தகடு நன்றாக இருந்தால் உள்ளே மக்கியது அவருக்குத் தெரியாமல் போகலாம். அதற்கு எம்ஜி கார் கிளப்பில் கேளுங்கள். 1930இலிருந்து இருக்கும் கிளப், பல பகுதிகளில் கூட்டம் நடக்கிறது. நாற்பது வருடம் ஒரே மாடலை வைத்திருக்கிற ஒரு பெரியவர் அங்கே கட்டாயம் இருப்பார், கூப்பிட்டால் உங்களோடு வந்து அடியில் படுத்துப் பார்ப்பார்.

இடையில் "நான் உங்களுக்கு நல்ல வண்டி தேடித் தருகிறேன்" என்று கமிஷன் கேட்டு வருபவர்களைத் தவிர்த்துவிடுங்கள். அவர்களுக்கு இரண்டு பக்கமும் கட்டிங் உண்டு. தனியார் விற்பனை என்று விளம்பரம் போடும் வியாபாரிகளிடமும் ஜாக்கிரதை. போன் செய்து "அந்தக் காரைப் பற்றிக் கேட்கிறேன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், "எந்தக் கார்?" என்று திருப்பிக் கேட்டால் அவர் வியாபாரி. வியாபாரியிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறை இருந்தால் 30 நாளுக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம், அதைத் தட்டிக்கழிக்கத்தான் இந்த வேஷம். அப்புறம் வி5சி என்ற லாக்புக்கில் பெயர் இருப்பதாலேயே அவர்தான் உரிமையாளர் என்று ஆகிவிடாது, அந்தத் தாளிலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கிறார்கள். அதிலுள்ள சேஸி நம்பரும் பானெட்டுக்கு அடியிலுள்ள தகட்டு நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். ரோட்ஸ்டர் என்றால் ஜிஎச்என் என்று தொடங்க வேண்டும். ஜிஎச்டி என்று இருந்தால் அது ஜிடி காரின் நம்பர்.

டீலர் எம்.ஓ.டி.க்கும் ஜாக்கிக்கும் சம்மதித்து, போட்டோக்களையும் காட்டினால் வாங்குங்கள். மறுத்தால் விட்டுவிட்டு, இதே 9,000 பவுண்டுக்கு ஜிடி மாடலைத் தேடுங்கள். கூரை இருப்பதால் உடம்பு விறைப்பாக இருக்கும், பின்னால் கொஞ்சம் சாமான் வைக்கலாம், ரோட்ஸ்டரைவிட விலையும் குறைவு. அதே பணத்தில் அதிலே ஒரு படி நல்ல வண்டி கிடைக்கும். குளிர்காலத்தில் தேடுங்கள், வெயில் வந்ததும் எல்லோரும் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.