ஒரே பொருள்போலத் தோன்றும் ஆங்கில வினைகள்: மகனின் தேர்வு குறித்துக் கவலைப்படும் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பட்டப்படிப்பை நல்ல மதிப்பெண்ணுடன் முடித்த தங்கள் மகனுக்கு, ஆங்கிலத் திறனை அளக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் எழுத்துப் பகுதியில் மட்டும் வேண்டிய பேண்டு (தர மதிப்பெண்) கிடைக்கவில்லை என்றும், ஒரே பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் பட்டியலை வாங்கிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். நீங்கள் அனுப்பிய அவருடைய பயிற்சிக் கட்டுரைகளைப் படித்துப் பார்த்தேன். அவருக்குச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. தெரிந்த வினைச்சொற்களை ஒன்றின் இடத்தில் இன்னொன்றாகப் போட்டுவிடுகிறார் என்பதுதான் குறை. இந்தக் குறையைப் பட்டியல் இன்னும் வளர்த்துவிடும். ஏனெனில் பத்துச் சொற்களை ஒரே வரிசையில் நிறுத்தி எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வது அதன் வேலை.

எழுத்துத் தேர்வு நான்கு அளவுகோல்களால், நான்குக்கும் சம மதிப்புக் கொடுத்துத் திருத்தப்படுகிறது. அவற்றுள் ஒன்று சொல்வளம். இன்னொன்று இலக்கண வீச்சும் பிழையின்மையும். வினை தவறினால் சொல்வளத்தில் மதிப்புக் குறையும். அந்த வினையைப் பின்பற்றி வாக்கியமும் சிதைந்தால் இலக்கணத்திலும் குறையும். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும் அலுவலக மின்னஞ்சலிலும் இதே குறைதான் முதலில் கண்ணில் படும் என்பதால், இதைத் தேர்வோடு முடிந்துபோகும் சங்கதியாக எண்ண வேண்டாம்.

நாம் ஆங்கில வினையைத் தமிழ்ப் பொருளோடு சேர்த்தே நினைவில் வைக்கிறோம். 'ஸே' என்றாலும் 'டெல்' என்றாலும் நமக்குச் 'சொல்'தான். அவற்றைப் பிரித்துக் காட்டுவது பொருளைவிட, வினைக்குப் பின்னால் வந்து நிற்கும் சொல். 'டெல்' வந்தால் கேட்பவர் உடனே வந்தாக வேண்டும்: 'ஹி டோல்ட் மீ'. 'ஸே' சொல்லப்பட்ட செய்தியைத்தான் தேடும். கேட்பவரைச் சேர்க்க வேண்டுமானால் நடுவில் 'டு' வேண்டும்: 'ஹி செட் டு மீ'. உங்கள் மகன் பல இடங்களில் 'ஹி செட் மீ' என்று எழுதியிருக்கிறார். உண்மை, பொய், கதை போன்றவற்றைச் சொல்லும்போது மட்டும் கேட்பவர் இல்லாமலும் 'டெல்' வரும். அதைத் தனியாக நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

'ரைஸ்', 'ரெய்ஸ்' இரண்டுக்கும் அவர் சற்றுக் கூடுதலாக நேரம் ஒதுக்கட்டும். உயர்கல்விக்குச் செல்வோர் எழுதும் அகடமிக் பிரிவின் முதல் வினாவில் வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து 150 சொற்களுக்குக் குறையாமல் விவரிக்க வேண்டும். அங்கே ஏற்ற இறக்கத்தைச் சொல்லாமல் ஒரு பத்தியும் நகராது. தமிழில் உயர், உயர்த்து என்றும் திரும்பு, திருப்பு என்றும் நாம் பிழையில்லாமல் பிரித்துப் பேசுகிறோம். முன்னது செயப்படுபொருள் குன்றிய வினை, பின்னது குன்றாவினை என்று பள்ளியில் படித்ததும்தான். 'ரைஸ்' என்பது தானே உயர்வது. 'ரெய்ஸ்' என்பது ஒருவர் ஒன்றை உயர்த்துவது. விலை உயர்ந்தது என்றால் 'தி ப்ரைஸ் ரோஸ்'. அரசு வரியை உயர்த்தியது என்றால் 'தி கவர்ன்மெண்ட் ரெய்ஸ்ட் தி டாக்ஸ்'. வரைபடத்தில் எண்கள் பெரும்பாலும் தாமாகவே உயர்வதால் அங்கே 'ரைஸ், ரோஸ், ரிஸன்' என்ற வரிசைதான் வேண்டும். அவர் எழுதிய 'தி சேல்ஸ் ரெய்ஸ்ட்' பிழை. ஐயம் வந்தால் 'இன்க்ரீஸ்' போடச் சொல்லுங்கள். அது இரண்டு வகையாகவும் நிற்கும்.

இதே இனத்தைச் சேர்ந்த 'லை' (கிட), 'லே' (கிடத்து) இணைக்காக அவர் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்ததாக எழுதியிருந்தீர்கள். 'லை' என்பதன் இறந்தகாலமே 'லே' என்று வருவதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அவர் எழுதப்போகும் கட்டுரைகளில் இது அரிதாகத்தான் வரும், இப்போதைக்கு விட்டுவிடலாம்.

வேலை தேடுபவரை அதிகம் சிக்கவைப்பது 'மறு' என்ற தமிழ் வினை. ஒன்றைச் செய்ய மாட்டேன் என்றால் 'ரெஃப்யூஸ்'. அதன்பின் 'டு' சேர்ந்த வினை வரும். ஒன்றைச் செய்யவில்லை, அது உண்மையில்லை என்றால் 'டினை'. அதன்பின் 'இங்' முடிவுள்ள வினையோ 'தட்' தொடங்கும் கூற்றோ வரும். விண்ணப்பத்தையோ திட்டத்தையோ ஏற்காமல் தள்ளினால் 'ரிஜெக்ட்', அதன்பின் பெயர்ச்சொல்தான். இவற்றோடு, மரியாதையாக வேண்டாம் என்று சொல்வதற்கு 'டிக்ளைன்' இருக்கிறது. முன்பு கிடைத்த வேலையை ஏன் ஏற்கவில்லை என்று நேர்முகத்தேர்வில் கேட்கும்போது 'ஐ டினைட் தி ஆஃபர்' என்றால் கேட்பவர் புருவத்தை உயர்த்துவார். 'ஐ டிக்ளைன்ட் தி ஆஃபர்' என்றால் பேச்சு இடறாமல் அடுத்த கேள்விக்குப் போகும்.

'டவுட்', 'சஸ்பெக்ட்' இரண்டையும் நாம் சந்தேகப்படுவது என்றே சொல்கிறோம். ஆனால் இவை ஏறக்குறைய எதிரெதிர்த் திசையில் போகின்றன. 'ஐ டவுட் தட் ஹி காப்பீட் இட்' என்றால் அவர் பார்த்து எழுதியிருக்க மாட்டார் என்று நான் கருதுகிறேன். 'ஐ சஸ்பெக்ட் தட் ஹி காப்பீட் இட்' என்றால் எழுதியிருப்பார் என்றே கருதுகிறேன். அலுவலகத்தில் ஒருவரைப் பற்றி மேலாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் இவை இடம் மாறினால் விளைவு என்னவாகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 'லெண்ட்' கடன் கொடுப்பது, 'பாரோ' கடன் வாங்குவது. 'ரிமெம்பர்' நாமே நினைவில் வைப்பது, 'ரிமைண்ட்' பிறருக்கு நினைவூட்டுவது. இந்த இரண்டு இணைகளிலும் தமிழே வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பதால், கொஞ்சம் கவனித்தாலே சரியாகிவிடும்.

பயிற்சிக்குப் புதிய புத்தகம் எதுவும் தேவையில்லை. ஆங்கிலம் கற்போருக்கென்றே தொகுக்கப்பட்ட அகராதி ஒன்றை, அச்சிலோ இணையத்திலோ, பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்; அதில் ஒவ்வொரு வினைக்கும் செயப்படுபொருள் வருமா, பின்னால் எந்த வடிவம் வரும் என்பது குறிக்கப்பட்டிருக்கும். திருத்தப்பட்ட தம் கட்டுரைகளிலிருந்தே பிழையான வினைகளைப் பொறுக்கி, தமிழ்ப் பொருளை எழுதாமல், வினையையும் அதன்பின் வரும் சொல்லையும் சேர்த்து ஒரு முழு வாக்கியமாகக் குறிப்பேட்டில் எழுதட்டும். அந்த வாக்கியம் அவருடைய துறையைப் பற்றியதாக இருந்தால் நேர்முகத்தேர்வில் தானாக நாவில் வரும். ஒரு நாளைக்கு ஓர் இணைக்கு மேல் வேண்டாம்.

வீட்டில் அவர் ஆங்கிலத்தில் பேசிப் பழகும்போது இடைமறித்துத் திருத்துவதாக எழுதியிருந்தீர்கள். அதை நிறுத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பேச்சுத்தேர்வில் தடையின்றிப் பேசுவதற்கும் மதிப்புண்டு. ஒரு வினை தவறினால் அவரே திருத்திக்கொண்டு மேலே போகலாம், நடுவில் நின்றுவிடுவதுதான் கெடுதல். எழுத்தில் அப்படியில்லை. அங்கே மொத்தம் 60 நிமிடம். இரண்டாம் வினாவுக்கு முதல் வினாவைப்போல் இருமடங்கு மதிப்பு என்பதால், அதற்கு 40 நிமிடம் ஒதுக்கி, அதிலேயே கடைசிச் சில நிமிடங்களை வினைகளை மட்டும் சரிபார்க்க வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த கட்டுரையை அனுப்பும்போது ஒவ்வொரு வினையையும் அதற்குப் பின்னால் வரும் சொல்லையும் சேர்த்து அடிக்கோடிட்டு அனுப்பச் சொல்லுங்கள். திருத்த வேண்டியவற்றை நான் குறித்து அனுப்புகிறேன். எந்த மாதம் தேர்வுக்குப் பணம் கட்டலாம் என்பதை அதைப் பார்த்தபின் முடிவு செய்வோம்.