கேளுங்கள், சொல்கிறேன்: லிபியாவின் வாடகைப் படைகள்

போன இதழில், லிபியாவில் சண்டை போட்ட ரஷ்யத் தனியார் கூலிப்படையான வாக்னரைப் பற்றி நாலு வரிதான் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்களா! சிலவற்றுக்கு இங்கே பதில்.

சொந்தமாகப் பெரிய ராணுவம் வைத்திருக்கும் நாடு, தனியார் படையை ஏன் அனுப்புகிறது?
— வாசகர், கோவில்பட்டி

"அது நாங்கள் இல்லை" என்று சொல்லத்தான். 2019 ஏப்ரலில் லிபியாவின் கிழக்குப் பகுதியைக் கையில் வைத்திருந்த தளபதி ஹஃப்தார், தன் படையோடு தலைநகர் திரிபோலியைப் பிடிக்கக் கிளம்பினார். ஐ.நா. அங்கீகரித்த அரசு அங்கே இருந்தது. மாதக்கணக்கில் முட்டிமோதியும் நகரம் விழவில்லை. செப்டம்பர் வாக்கில் ரஷ்யாவின் வாக்னர் ஆட்கள் அவருக்காகக் களத்தில் இறங்கினார்கள். 2020 ஜனவரியில், ஜெர்மனியின் மெர்கல் பக்கத்தில் நிற்க, புதினிடம் இதைக் கேட்டார்கள். அங்கே ரஷ்யர்கள் இருந்தாலும் அவர்கள் அரசின் பிரதிநிதிகள் இல்லை, அரசிடம் பணம் வாங்குபவர்களும் இல்லை என்றார்.

2023 ஜூனில் வாக்னர் முதலாளி பிரிகோஷின் கலகம் செய்தார். அது அடங்கிய சில நாட்களில் அதே புதின், வாக்னருக்கு முழுச் செலவும் அரசுதான் செய்தது என்றார். 2022 மே முதல் ஓராண்டில் சம்பளத்துக்கும் ஊக்கத்தொகைக்கும் மட்டும் 86 பில்லியன் ரூபிளுக்கு மேலாம். இது உக்ரைன் போர்க்காலக் கணக்கு. லிபியாக் கணக்கை யாரும் வாசித்துக் காட்டவில்லை. இன்னொரு வேடிக்கை: கூலிப்படை நடத்துவது ரஷ்யக் குற்றவியல் சட்டப்படி குற்றம்.

காசுக்குச் சண்டை போடுகிறவர்கள் சண்டை முடிந்தால் மூட்டை கட்டிவிடுவார்கள். ஊருக்கு என்ன நஷ்டம்?
— வாசகி, நாகர்கோவில்

2020 ஜூனில் ஹஃப்தார் தரப்பு திரிபோலியின் தெற்குப் பகுதிகளிலிருந்து பின்வாங்கியது. ஐன் ஸாரா, சலாஹுதீன் பக்கம் ஜனங்கள் வீடு திரும்பினார்கள். கதவைத் திறந்தவர்களுக்கும் குப்பை அள்ளியவர்களுக்கும் வெடி காத்திருந்தது. குளிர்பான டப்பாவில் வெடி. கரடி பொம்மையில்கூட வெடி. பொம்மையை யார் முதலில் எடுப்பார்கள் என்று தெரிந்துதானே வைத்திருக்கிறான்! எதிரிச் சிப்பாய் பொம்மை எடுத்து விளையாடப் போவதில்லை.

அந்தப் பக்கம் ஒரு வாக்னர் ஆள் விட்டுப்போன சாம்சங் டேப்லெட் கிடைத்தது. 2021இல் பிபிசி அதை வெளியிட்டது. உள்ளே ரஷ்ய மொழியில் போர்முனை வரைபடங்கள். கண்ணிவெடி எங்கெங்கே என்ற குறிப்புகள். ராணுவம் என்றால் இந்த விவரத்தைக் கொடு என்று அதன் அரசிடம் கேட்கலாம். இவர்கள் விஷயத்தில் யாரிடம் போய்க் கேட்பது? என் கோபமெல்லாம் இதில்தான்.

ரஷ்யாவை மட்டும் திட்டுகிறீர்களே?
— வாசகர், ராமநாதபுரம்

சரி, மற்றவர்களையும் சேர்த்துக்கொள்வோம். திரிபோலி அரசுக்காகத் துருக்கி, சிரியாப் போராளிகளைச் சம்பளம் பேசி இறக்கியது. துருக்கி ட்ரோன்கள்தான் போரின் போக்கையே மாற்றின. எதிர்ப்பக்கம் ஹஃப்தாருக்கு ஐக்கிய அரபு அமீரகத்தின் கை.

உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும் ஒன்றைச் சொல்கிறேன். அமீரகத்தில் செக்யூரிட்டி வேலை என்று சூடான் இளைஞர்களை அழைத்துப்போனார்கள். பயிற்சி கொடுத்தார்கள். 2020 ஜனவரியில் அவர்களில் நூற்றுக்கணக்கானவர்களை விமானத்தில் ஏற்றினார்கள். இறங்கிய இடம் லிபியாவின் ராஸ் லனூஃப் எண்ணெய்த் துறைமுகம். அவர்கள் போனில் வீட்டுக்குச் சொல்ல, குடும்பத்தார் சூடான் தலைநகர் கார்ட்டூமில் அமீரகத் தூதரகத்தின் முன் திரண்டார்கள். அப்புறம்தான் திருப்பி அனுப்பினார்கள். வளைகுடா ஏஜெண்டுகள் ஒட்டகம் மேய்க்கவிட்ட கதை நமக்குத் தெரியும். இது அதற்கும் ஒருபடி மேல்.

இலங்கையில் இப்படி நடந்ததுண்டா?
— வாசகர், திருச்சி

உண்டு. கே.எம்.எஸ். என்ற பிரிட்டிஷ் தனியார் நிறுவனம் 1984 முதல் இலங்கைப் போலீஸின் சிறப்பு அதிரடிப் படைக்குப் பயிற்சி கொடுத்தது. அதன் விமானிகள் ஹெலிகாப்டரும் ஓட்டினார்கள். லண்டன் போலீஸின் போர்க்குற்றப் பிரிவு இதை விசாரிக்கத் தொடங்கியது 2020இல்தான்.

லிபியாவிலிருந்து இவர்கள் போய்விட்டார்களா?
— வாசகி, மதுரை

2020 அக்டோபர் 23 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தானது. வெளிநாட்டுப் படைகள், கூலிப்படைகள் எல்லாம் 90 நாளில் வெளியேற வேண்டும் என்பது நிபந்தனை. கெடு முடிந்தபோது, சிர்த் நகரத்துப் பக்கம் பாலைவனத்தில் நெடுகப் புதிய அகழி வெட்டியிருந்தது செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தது. ஊருக்குக் கிளம்புகிறவன் அகழி வெட்டுவானா?

2023 ஆகஸ்ட் 23 அன்று பிரிகோஷின் விமானம் விழுந்து இறந்தார். அதற்கு முந்தின நாளே ரஷ்யப் பாதுகாப்புத் துணை அமைச்சர் பெங்காசியில் ஹஃப்தாரைப் பார்க்க வந்துவிட்டார். வாக்னர் ஆட்களில் பலரை இப்போது 'ஆப்பிரிக்கா கோர்' என்ற பெயரில் பாதுகாப்பு அமைச்சகமே நேரடியாக நடத்துகிறது.