விண்டோஸ் ஈவென்ட் லாக் கோப்புகளிலிருந்து தோல்வியடைந்த லாகின்களை எடுக்கும் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது?

இப்படிப்பட்ட ஸ்கிரிப்ட் வழக்கமாக, ஃபோல்டரில் இருக்கும் ஒவ்வொரு ஈவிடிஎக்ஸ் கோப்பையும் (விண்டோஸ் ஈவென்ட் லாக் கோப்பு) முழுதாகப் படித்துவிட்டு, அதன் பிறகு வேர்-ஆப்ஜெக்ட் என்ற வடிகட்டும் கட்டளை கொண்டு 4625 நிகழ்வுகளை, அதாவது தோல்வியடைந்த லாகின்களை, மட்டும் பொறுக்குகிறது. தாமதம் அங்கேதான். தேவையில்லாத பதிவுகள் அத்தனையும் பவர்ஷெல் ஆப்ஜெக்டாக மாறி, அடுத்த நொடியே குப்பைக்குப் போகின்றன.

வடிகட்டலைப் படிக்கும் இடத்துக்கே தள்ளுங்கள். கெட்-வின்ஈவென்ட் கட்டளைக்கு ஃபில்டர்ஹேஷ்டேபிள் என்ற அளவுரு உண்டு. அதில் பாத், ஐடி, ஸ்டார்ட்டைம், எண்ட்டைம் ஆகிய நான்கையும் கொடுத்தால், பொருந்தும் பதிவுகள் மட்டுமே உங்கள் கைக்கு வரும். பெரிய கோப்புகளில் இந்த ஒரு மாற்றமே போதும் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இன்னொரு இடத்திலும் நேரம் போகிறது.

அது மெசேஜ் பண்பு, அதாவது நிகழ்வை விளக்கும் வாக்கியம். ஈவிடிஎக்ஸ் கோப்புக்குள் அந்த நீண்ட விளக்க வாக்கியம் கிடையாது. மதிப்புகள் மட்டுமே இருக்கின்றன. வாக்கியத்தின் வார்ப்பு, நிகழ்வை எழுதிய மென்பொருளின் டிஎல்எல் கோப்பில் (மென்பொருளோடு வரும் துணைக் கோப்பு) இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் அதைத் தேடி ஒட்டவைப்பது செலவு. அந்த மென்பொருள் இல்லாத வேறொரு கணினியில் கோப்பைத் திறந்தால் மெசேஜ் காலியாகவே வரும். விண்டோஸின் மொழி மாறினால் வாக்கியமும் மாறும். ஆகவே மெசேஜில் ரெகெக்ஸ் (எழுத்து அமைப்பை வைத்துத் தேடும் முறை) போட்டுப் பயனர் பெயரைப் பிடுங்குவதை அறவே விட்டுவிடுங்கள்.

பதிவின் மதிப்புகள் வரிசையாக இருக்கும் ப்ராப்பர்டீஸ் பட்டியலில் இட எண் வைத்து எடுப்பது வேகமானது, ஆனால் எளிதில் ஏமாற்றும். 4625-இல் லாகின் வகை 10-ஆம் இடத்திலும் ஐபி முகவரி 19-ஆம் இடத்திலும் இருக்கும் (பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும்). வெற்றிகரமான லாகினான 4624-இல் அவையே 8, 18 ஆகிவிடும். இரண்டையும் ஒரே ஸ்கிரிப்டில் எடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, தவறான நெடுவரிசைதான் வரும். டூஎக்ஸ்எம்எல் மூலம் எக்ஸ்எம்எல் ஆக்கி, ஈவென்ட்டேட்டா பகுதியில் டார்கெட்யூசர்நேம், ஐபிஅட்ரஸ், லாகான்டைப், சப்ஸ்டேட்டஸ் என்று பெயர் சொல்லி எடுங்கள். கொஞ்சம் மெதுவானாலும் நம்பலாம். தோல்விக்கான காரணக் குறியீடான சப்ஸ்டேட்டஸை விட்டுவிடாதீர்கள்: 6ஏ என்று முடிந்தால் கடவுச்சொல் தவறு, 64 என்று முடிந்தால் அப்படியொரு பயனரே இல்லை, 234 என்று முடிந்தால் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது. முகவரியில் வெறும் கோடு மட்டும் இருந்தால் பதிவில் முகவரி இல்லை என்று பொருள். அதைத் தனி ஐபியாக எண்ணிவிடக் கூடாது.

கோப்புகளை ஒவ்வொன்றாக லூப்பில் ஓட்டுங்கள். பொருந்தும் பதிவு ஒன்றுகூட இல்லையென்றால் கெட்-வின்ஈவென்ட் அதைப் பிழையாகவே எறியும். பலர் பிழைகளைக் காட்டாமல் தொடரச் சொல்லும் சைலண்ட்லிகண்டின்யூ போட்டு அதை அடக்கிவிடுகிறார்கள். அப்போது சிதைந்த கோப்பும் சத்தமில்லாமல் கடந்து போகும். எரர்ஆக்‌ஷனுக்கு ஸ்டாப் கொடுத்து, ட்ரை, கேட்ச் வைத்து, "பதிவு இல்லை" என்ற பிழையை மட்டும் விடுங்கள், மற்றதைக் கோப்பின் பெயரோடு எழுதி வையுங்கள்.

நேரம்: கோப்பில் இருப்பது யூடிசி (உலகப் பொது நேரம்). திரையில் தெரிவது ஸ்கிரிப்ட் ஓடும் கணினியின் உள்ளூர் நேரம். பல இடத்துக் கோப்புகளைச் சேர்ப்பதென்றால் யூடிசிக்கு மாற்றியே எழுதுங்கள்.

முடிவுகளை அரேயில் கூட்டிக்கொண்டே போகாமல் பைப் வழியாக நேரே எக்ஸ்போர்ட்-சிஎஸ்விக்கு அனுப்புங்கள். பவர்ஷெல் 5.1-இல் என்கோடிங்கை யூடிஎஃப்8 என்று சொல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். 7-இல் யூடிஎஃப்8 தானாகவே வரும், ஆனால் பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் என்கோடிங்கைக் காட்டும் குறி) இருக்காது. எக்செல்லில் திறப்பதானால் யூடிஎஃப்8பிஓஎம் என்று கேளுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் செக்யூரிட்டி லாகை எக்ஸ்ப்ளோரரில் நகலெடுக்க முயலாதீர்கள். அட்மின் உரிமையோடு டபிள்யூஈவிடியூடில் கட்டளையின் ஏற்றுமதி வழியைப் பயன்படுத்துங்கள். அந்த லாக் கோப்பின் இயல்பு அளவு 20 எம்பி மட்டுமே. நிறைந்ததும் பழையவை மேலெழுதப்படும். எனவே ஒரு நாளுக்கு எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தால், கோப்பின் மிகப் பழைய பதிவு எந்த நேரத்துடையது என்று ஓல்டஸ்ட் அளவுருவோடு பாருங்கள், கூடவே 1102 நிகழ்வு இருக்கிறதா என்றும் தேடுங்கள். 1102 இருந்தால் யாரோ லாகை அழித்திருக்கிறார்கள்.