பெர்ல் படிக்கும் மகளுக்கு டியூஷன் தேவையா?

ஐயா, வணக்கம். ஈ.சி.இ. முடித்துவிட்டு பெங்களூருவில் ஒரு சிப் வடிவமைப்பு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பெர்ல் என்ற நிரல்மொழியைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள், புரியவில்லை, பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்கக் கூச்சம். பயிற்சி மையம் ஒன்று மூன்று மாத வகுப்புக்குப் பணம் கேட்கிறது. உங்கள் மைத்துனரோ "அது செத்துப்போன மொழி" என்கிறார். அந்தப் பணத்தை இப்போதைக்குக் கட்டாதீர்கள்.

மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. லாரி வால் 1987இல் வெளியிட்ட மொழி இது. 1990களில் இணையதளங்கள் பலவும் இதில்தான் ஓடின. இன்று புதிதாக ஒரு மென்பொருளைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழிக்குப் போய்விடுகிறார்கள். "எனக்கு பெர்ல் மட்டும் தெரியும்" என்று வேலை தேடினால் சிரமம்தான். ஆனால் மொழி சாகவில்லை, ஆண்டுக்கொரு புதிய பதிப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. சிப் துறையில் ராத்திரி முழுக்க நூற்றுக்கணக்கான சோதனைகள் ஓடும். காலையில் அவற்றின் முடிவுகள் பதிவான லாக் கோப்புகள் மலைபோல் குவிந்திருக்கும். எது தேறியது, எது தோற்றது என்று சலித்தெடுக்க எப்போதோ ஒரு சீனியர் எழுதிவைத்த பெர்ல் ஸ்கிரிப்டுகள், அதாவது சிறு நிரல்கள், இன்றும் பல இடங்களில் ஓடுகின்றன. அவற்றைப் படித்து, உடைந்த இடத்தைச் சரிசெய்யத் தெரிந்தால் உங்கள் மகளுக்கு ஆரம்பத்தில் அது போதும். அதற்கு மூன்று மாத வகுப்பு உதவாது. மாட்டிக்கொண்டால் எப்படி வெளியே வருவது, எப்படி உதவி கேட்பது என்பதுதான் தெரிய வேண்டும். கீழே இருப்பது அவருக்கு எழுதியது. அப்படியே அனுப்பிவிடுங்கள்.

அம்மா, நீங்கள் புதிதாக எழுதும் எந்த ஸ்கிரிப்டிலும் முதல் இரண்டு வரிகள் 'யூஸ் ஸ்ட்ரிக்ட்', 'யூஸ் வார்னிங்ஸ்' என்று இருக்கட்டும். மாறியின் பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் ஸ்ட்ரிக்ட் பிடித்துக் கொடுக்கும். ஒரு எச்சரிக்கை: அலுவலகத்தின் பழைய ஸ்கிரிப்டில் இதைப் போய்ச் சேர்க்காதீர்கள். அதுவரை ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிடலாம், பழி உங்கள் மேல் விழும். ஒரு நகல் எடுத்து அதில் போட்டுப் பாருங்கள்.

பிழைச் செய்தி வரிசையாக வந்து விழுந்தால் பயப்பட வேண்டாம். முதல் ஒன்றை மட்டும் சரிசெய்யுங்கள், மற்றவை பெரும்பாலும் அதன் வால்தான். சொன்ன வரியில் தப்பு தெரியாவிட்டால் அதற்கு முந்தைய வரியில் அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள். செய்தியே புரியவில்லையென்றால் 'யூஸ் டயக்னாஸ்டிக்ஸ்' சேர்த்தால் அதே பிழையை விளக்கிச் சொல்லும். ஓட்டாமலேயே இலக்கணத்தைச் சோதிக்க 'பெர்ல் மைனஸ் சி'. ஏதோ ஒரு மாட்யூலை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு) காணவில்லை என்று புகார் வந்தால் பெயர் தவறியிருக்கலாம், அல்லது அந்தக் கணினியில் அது நிறுவப்படாமல் இருக்கலாம். பெயர் சரி என்றால் அலுவலகத்தில் சிஸ்டம் நிர்வாகியைக் கேளுங்கள். வீட்டில், பெர்ல் மாட்யூல்களின் இணையக் களஞ்சியமான சிபானிலிருந்து சிபான்எம் என்ற கருவி கொண்டு நீங்களே நிறுவலாம்.

அலுவலகக் கணினியில் இணையம் இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. 'பெர்ல்டாக் மைனஸ் எஃப்' என்று தட்டி, பக்கத்தில் ஸ்ப்ளிட் என்றோ சார்ட் என்றோ போட்டால் அந்தச் செயற்கூறின் விளக்கம் திரையிலேயே வரும். வீட்டு லேப்டாப்பில் உபுண்டு என்றால் 'பெர்ல்-டாக்' தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். விண்டோஸ் என்றால் ஸ்ட்ராபெரி பெர்ல்.

இனி கேட்கும் விஷயம். "ஓடல, என்னன்னு பாருங்க" என்று முந்நூறு வரி ஸ்கிரிப்டோடு போய் நின்றால் எந்த சீனியருக்கும் எரிச்சல் வரும். பிரச்சினையைச் சுருக்குங்கள். லாக்கில் நாலு வரி, அதைப் படிக்கும் பத்து வரி நிரல், நீங்கள் எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன, பெர்ல் பதிப்பு எது. பதிப்பு முக்கியம். சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸில் கூடவே வருவது பெர்ல் 5.16, இன்று இணையத்தில் கிடைக்கும் பதிலோ 5.36க்கு எழுதியதாக இருக்கலாம்.

உதாரணமாக, சில சோதனைகள்தான் தோற்றன, ஸ்கிரிப்டோ எல்லாமே தோற்றதாகச் சொல்கிறது. சுருக்கிப் பார்த்தால், சொற்களை ஒப்பிட 'ஈக்யூ' போடாமல் எண்களுக்கான இரட்டைச் சமக்குறி போட்டிருப்பீர்கள். எண்ணாகப் பார்த்தால் 'பாஸ்', 'ஃபெயில்' இரண்டுமே பூஜ்யம், அதனால் எல்லாம் சமம். வார்னிங்ஸ் இருந்திருந்தால் "இது எண் இல்லையே" என்று அதுவே கத்தியிருக்கும். இன்னொன்று இதைவிடத் தந்திரமானது: விண்டோஸில் உருவான லாக்கை லினக்ஸில் படிக்கிறீர்கள், வரிமுடிவுக் குறியை நீக்கும் 'சாம்ப்' போட்டும் ஒப்பீடு தோற்கிறது, திரையில் இரண்டு சொல்லும் ஒன்றுபோலவே தெரிகின்றன. வரிக்கடைசியில் விண்டோஸ் சேர்க்கும், கண்ணுக்குத் தெரியாத கேரியேஜ் ரிட்டர்ன் என்ற ஒரு குறி ஒட்டிக்கொண்டிருக்கும். வார்னிங்ஸுக்கும் இது தெரியாது. மாறியில் இருப்பதை அப்படியே காட்டும் டேட்டா டம்பர் மாட்யூலில் 'யூஸ்க்யூக்யூ' என்பதன் மதிப்பை 1 என்று வைத்து அச்சிட்டால் அது மாட்டிக்கொள்ளும். சுருக்க ஆரம்பித்தாலே பல நேரம் விடை அகப்பட்டுவிடும், கேட்கவே வேண்டியிருக்காது. அரை மணி நேரம் முயன்றும் அகப்படாவிட்டால் கூச்சப்படாமல் எழுந்து போய்க் கேளுங்கள். சாயங்காலம்வரை சும்மா முழித்துக்கொண்டிருப்பதைத்தான் மேலாளர்கள் குறையாகப் பார்ப்பார்கள்.

அப்புறம், நிறுவனத்தின் நிரலையோ லாக்கையோ வெளியே யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுமதி இல்லாத ஏஐ கருவியிலும் ஒட்டாதீர்கள். சிப் நிறுவனங்களில் இது வேலையே போகிற விஷயம். பெயர்களை மாற்றி, நீங்களே தட்டிய போலி வரிகளை வைத்துக் கேளுங்கள். ஏஐ தரும் பதிலில் இல்லாத மாட்யூலின் பெயர்கூட வரும். சிபானில் அது உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்த பிறகு நம்பலாம்.

ஐயா, மறுபடி உங்களுக்கு. பெர்லில் அவர் பழகும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (உரையில் வேண்டிய வடிவத்தைத் தேடும் குறியீடு) பைத்தானிலும் கிட்டத்தட்ட அப்படியே பயன்படும், அதனால் இந்த உழைப்பு வீணாகாது. இரண்டு மாதம் விட்டுப் பாருங்கள். அதற்கப்புறமும் வகுப்புக்குச் செலவழித்தே தீருவேன் என்றால் சிப் வடிவமைப்பைச் சோதிக்கப் பயன்படும் சிஸ்டம்வெரிலாக் மொழியும், அதில் சோதனைகளை எழுதும் யூவிஎம் முறையும் சொல்லித்தரும் இடமாகப் பாருங்கள். வெரிஃபிகேஷன், அதாவது அந்தச் சோதனை வேலைக்கான நேர்காணல்களில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.