யாரும் வராத வாக்குச்சாவடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

2011 முதல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருக்கிறேன். தெற்கு யார்க்‌ஷயர் போலீசை மேற்பார்க்க மக்களே தேர்ந்தெடுக்கும் ஆணையர் இங்கே இருந்தார். 2024இல் அந்தப் பொறுப்பை மேயரிடம் கொடுத்துவிட்டார்கள். எது நல்ல ஏற்பாடு? (நான் அந்தத் தேர்தல்களில் வாக்களித்ததில்லை. முதல் தடவை நவம்பர் குளிர், இருட்டு. வாக்காளர் அட்டை பீட்சா விளம்பரங்களோடு குப்பைக்குப் போய்விடும்.)

க.

அன்புள்ள க.,

அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்தீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். குளிர் கதையெல்லாம் வேண்டாம். மேயரா ஆணையரா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

ஷான் ரைட்டை மறந்திருக்க மாட்டீர்கள். ராதர்ஹாம் நகரமன்றத்தில் 2005 முதல் 2010 வரை குழந்தைகள் நலம் அவர் பொறுப்பு. 2012 நவம்பரில் உங்கள் வட்டாரத்தின் முதல் ஆணையரானார். 2014 ஆகஸ்டில் பேராசிரியர் அலெக்சிஸ் ஜேயின் விசாரணை அறிக்கை வந்தது: ராதர்ஹாமில் 16 ஆண்டுகளில் குறைந்தது 1,400 குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள். இவ்வளவு பெரிது என்று தெரியாது என்றார் ரைட். உள்துறை அமைச்சர் தெரசா மே விலகச் சொன்னார், ரைட்டின் லேபர் கட்சியே விலகச் சொன்னது. ரைட் கட்சியை விட்டார், நாற்காலியை விடவில்லை. அவரை இறக்கச் சட்டத்தில் வழியே இல்லை. மூன்று வாரம் கழித்து அவராகத்தான் எழுந்தார்.

அக்டோபர் 30 இடைத்தேர்தல். அத்தனை கொதிப்புக்குப் பிறகும் நூற்றுக்கு 15 பேர்கூட வரவில்லை. நீங்களும் வரவில்லை. ராதர்ஹாம் உங்களுக்குப் பக்கத்து ஊர் ஐயா! இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும் காமன்வெல்த்காரர் என்று அந்த நாடு உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. யாராலும் இறக்க முடியாத ஆளை ஏற்றுகிற இடத்தில் நீங்கள் இல்லை.

அதே 2012 ஆணையர் தேர்தலில், வேல்ஸின் நியூபோர்ட் நகரில் பெட்டஸ் பகுதியில் ஒரு சாவடியில் நாள் முழுக்க ஒரு வாக்குகூட விழவில்லை. எல்லோரும் சிரித்த செய்தி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாத்தியாராக இருந்தபோது தேர்தல் வேலைக்குப் போன ஒரு கிராமத்தில் நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். சாலை போடாததால் ஊரே புறக்கணித்தது. மை பாட்டிலைத் திறக்கவே இல்லை. எதிரே வேப்பமரத்தடியில் ஊர் மொத்தமும் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. மத்தியானம் ஒரு பாட்டி தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தாள். "ஓட்டு போட வரல தம்பி. நீங்க பட்டினி கெடக்கக் கூடாதுல்ல" என்று வைத்துவிட்டுத் திரும்பி மரத்தடிக்கே போனாள்.

க., வராததற்கு அவர்களிடம் காரணம் இருந்தது. வீட்டுக்குள் அல்ல, கண்ணெதிரே உட்கார்ந்து வராமல் இருந்தார்கள்.

ஆணையரா மேயரா என்று கேட்டீர்கள். யாராக இருந்தாலும் சரி, அட்டை வந்ததும் பீட்சா தாளிலிருந்து பிரித்து எடுத்து வையுங்கள். மே மாதத் தேர்தல்தான், குளிராது.