வாழை மட்டையை முறுக்கிப் பார்த்ததுண்டா? மரச்சாமான் வகுப்பும் இயற்கையும்: கேள்வி பதில்

மரச்சாமான் வடிவமைப்பு சொல்லிக்கொடுப்பது என் தொழில். இயற்கையைப் பார்த்து நாற்காலி செய்யக் கற்பதைப் பற்றி (இங்கிலீஷில் 'பயோமிமிக்ரி' என்பார்கள்) கேளுங்கள் என்றிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

மூன்றாம் ஆண்டு மாணவி, கோவை: சார், இலை வடிவத்தில் ஒரு காபி டேபிள் செய்தேன். "இலை மாதிரி இருக்கு, அவ்வளவுதான்" என்று ஜூரியில் (மார்க் போடும் குழுவில்) சொல்லிவிட்டார்கள். என்ன தப்பு?

அவர்கள் சொன்னது சரிதான்மா. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். நடுநரம்பு கீழ்நோக்கிப் புடைத்திருக்கும். காம்புப் பக்கம் தடிப்பு, நுனிக்குப் போகப்போக மெலிவு. ஒரு முனையில் மட்டும் பிடிப்புள்ள எதற்கும் பாரம் அந்தப் பிடியில்தான் அதிகம் உட்காரும். இலை அங்கே சதையைக் கூட்டி, நுனியில் மிச்சம் பிடிக்கிறது. உங்கள் டேபிளின் அடியிலும் அப்படி ஒரு விலா ஓடி, அதனால் 25 மி.மீ. பலகை 12 மி.மீ. ஆகியிருந்தால், மேலிருந்து பார்க்க வெறும் வட்டமாக இருந்திருந்தாலும் நான் மார்க் போட்டிருப்பேன்.

பெயர்களிலும் ஏமாறாதீர்கள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஏரோ சாரினனின் 1957ஆம் ஆண்டு 'டியூலிப்' நாற்காலியைப் பூவுக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். அவருக்கு நாற்காலிக்கு அடியில் கால்கள் குழம்பிக் கிடப்பதுதான் பிடிக்கவில்லை. பூவும் தண்டும் போல மேலும் கீழும் ஒரே பொருளில் வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். முடியவில்லை. இருக்கை ஃபைபர்கிளாஸ், தண்டு வார்ப்பு அலுமினியம், மேலே ஒரே வெள்ளைப் பூச்சு. பூவின் சாயல் வந்தது, பூவின் கட்டுமானம் வரவில்லை.

விரிவுரையாளர், திருச்சி: முதலாண்டுப் பிள்ளைகளுக்கு எதில் தொடங்குவது? எங்களிடம் ஆய்வகம் எதுவும் இல்லை.

வாழைத்தோப்பு இருக்கிறதல்லவா? ஆளுக்கொரு பச்சை வாழை மட்டை கொடுங்கள், இலைக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் காம்புப் பகுதி. முதலில் வளைக்கச் சொல்லுங்கள், நன்றாக எதிர்க்கும். பிறகு முறுக்கச் சொல்லுங்கள். துணி பிழிவது போலத் திரும்பிவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் குறுக்கே வெட்டிக் காட்டுங்கள். மேல்பக்கம் திறந்த வாய்க்கால் வடிவம், உள்ளே காற்றறைகள், ஓரங்களில் நார். அவ்வளவு பெரிய இலையின் கனத்தைத் தாங்க வளையாமை வேண்டும். காற்றடித்தால் இலை திரும்பிக்கொண்டு தப்பிக்க முறுக்கம் வேண்டும். இரண்டையும் ஒரே வாய்க்கால் வடிவம் கொடுக்கிறது.

அடுத்து, படம் சுருட்டி வைக்கும் அட்டைக்குழாய் ஒன்று. முறுக்கிப் பார்த்தால் அசையாது. நெடுக ஒரு கீறல் போட்டு மறுபடி முறுக்கினால் வாழை மட்டையாகிவிடும். மூடிய குழாயும் திறந்த குழாயும் எப்படி வேறு என்பதைக் கரும்பலகையில் ஒரு மணி நேரம் விளக்கினாலும் இந்தக் கீறல் அளவுக்கு ஏறாது.

இனி நாற்காலிக்கு வாருங்கள். மேடுபள்ளமான சிமென்ட் தரையில் நான்கு கால் நாற்காலி ஆடுகிறது; காலைச் சீவிச் சீவி மாளவில்லை. உட்காருபவரின் கனத்துக்கு வளையாமல், ஆனால் தரைக்கேற்ப லேசாக முறுக்கிக்கொள்ளும் சட்டத்தைச் செய்தால் நான்கு காலும் தரையைத் தொடும். அதையே முதல் பயிற்சியாகக் கொடுங்கள். பொருள் அட்டையும் பசையும் போதும். சோதனைக்கு மணல் மூட்டை. ஒரு கிலோ அட்டை எத்தனை கிலோ மணலைத் தாங்கியது என்பதற்கு மார்க், வரைபடத்தின் அழகுக்கு இல்லை.

தச்சர், 30 வருட அனுபவம், காரைக்குடி: ஐயா, இதையெல்லாம் நாங்க காலங்காலமா செய்யறோம். இங்கிலீஷ் பேர் வெச்சா புதுசாயிடுமா?

ஆகாதுங்க அண்ணே. நாட்டுக் கலப்பைக்கு நேர்மரத்தை அறுத்து வளைவு எடுக்காமல், தானாக வளைந்து வளர்ந்த கருவேலங்கிளையைத் தேடி எடுத்தார்களே, அதுதான் நான் சொல்லும் பாடம். நேர்ப்பலகையில் வளைவை அறுத்தால் நார் பாதியில் அறுந்து, அந்த இடத்திலேயே ஒடியும். கிளையில் நார் வளைவோடு ஓடும். நார் அறுபடாமல் நாமே மரத்தை வளைக்கலாமா என்று போராடியவர், 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியத் தச்சர் மிகயேல் தோனெட். ஐரோப்பாவின் பீச் (beech) மரத்தை ஆவியில் வேகவைத்தார். ஆவி பட்ட மரம் உள்பக்கம் நசுங்கக் கொடுக்கும், வெளிப்பக்கம் நீளக் கொடுக்காமல் பிளக்கும். அதனால் வெளிப்பக்கத்தில் இரும்புப் பட்டையை இறுக்கிக் கட்டி வளைத்தார். 1859இல் வந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலி ஆறு மரத்துண்டு, பத்துத் திருகு, இரண்டு நட்டு, அவ்வளவே. பிரித்தால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி. உங்களைப் போன்றவர்களை வாரம் ஒருநாள் வகுப்புக்குக் கூப்பிடாத கல்லூரிமேல்தான் எனக்கு வருத்தம்.

மாணவர், சென்னை: ஜெனரேட்டிவ் டிசைன் சாஃப்ட்வேர் எலும்பு மாதிரி நாற்காலியைத் தானே போட்டுத் தருகிறதே, மட்டை எதுக்கு?

தம்பி, அந்த மென்பொருளின் மூதாதையே மரமும் எலும்பும்தான். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் கிளாஸ் மாட்டெக் என்ற ஆராய்ச்சியாளர், பாரம் ஏறும் இடத்தில் மரம் எப்படித் தடிக்கிறது, தேவையற்ற இடத்தில் எலும்பு எப்படிக் குறைகிறது என்று ஆராய்ந்து கணினி முறை வகுத்தார். ஓப்பல் கார் நிறுவனம் அதைப் பயன்படுத்தியது. டச்சு வடிவமைப்பாளர் யோரிஸ் லார்மன் 2006இல் செய்த அலுமினிய 'எலும்பு நாற்காலி' அந்த வழியில் பிறந்ததுதான்.

எனக்குப் பிடித்தது, அதே மாட்டெக் பிறகு கணினியே வேண்டாம் என்று பென்சிலும் மூலைமட்டமும் மட்டும் வைத்துக் கொடுத்த வழி. காலும் சட்டமும் சேரும் கூரிய மூலையில்தான் விரிசல் தொடங்கும். அங்கே 45 பாகையில் ஒரு முக்கோணம் நிரப்புங்கள். அதன் சாய்கோட்டின் நடுப்புள்ளியிலிருந்து, பாதிக் கோணத்தில் அடுத்த முக்கோணம். அதன் நடுவிலிருந்து இன்னொன்று. முனைகளை மழுக்கினால் வேப்பமரக் கவட்டையின் வளைவு கையில் வந்து நிற்கும். இதைப் பத்துமுறை வரைந்த பிறகு சாஃப்ட்வேர் திறங்கள். அது தப்பாகப் போடும்போது கண்டுபிடிப்பீர்கள்.

இல்லத்தரசி, சேலம்: இயற்கையைப் பார்த்துச் செய்தது என்றால் சுற்றுச்சூழலுக்கும் நல்லதுதானே?

அவசியமில்லை. மேலே சொன்ன டியூலிப்பின் இருக்கை ஃபைபர்கிளாஸ். கடையில் தனியாகக் கேளுங்கள்: என்ன பொருள், உடைந்தால் பழுது பார்க்கலாமா?

ஒரு தகப்பனார், மதுரை: மகனுக்கு இதில் ஆசை. எங்கே சேர்ப்பது?

1961இல் தொடங்கிய அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மரச்சாமானும் உள்ளரங்க வடிவமைப்பும் சேர்ந்த பிரிவு உண்டு. வடகிழக்கின் மூங்கில், பிரம்பு வேலைகளைத் தேடித் தொகுத்த எம்.பி. ரஞ்சன் பாடம் நடத்திய இடம். நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். அதற்குமுன் விடுமுறையில் ஒரு பட்டறையில் விடுங்கள். இழைப்புளி பிடித்துக் கை காய்த்த பிறகும் ஆசை இருக்கிறதா பார்க்கலாம்.

மாணவி, நாகர்கோவில்: மூங்கில் ஸ்டூல் செய்தேன். திருகு போட்ட இடத்திலிருந்து கால் நெடுகப் பிளந்துவிட்டது. மாவு மாதிரியும் கொட்டுகிறது.

இரண்டும் தனித்தனி நோய். மூங்கிலில் நார் முழுக்க நெடுக ஓடுகிறது, குறுக்கே கட்ட ஆளில்லை. திருகு ஆப்பு போல நுழைந்து பிளக்கும். கணுவுக்குள் இருக்கும் தடுப்புத்தான் குழாய் நசுங்காமலும் விரிசல் ஓடாமலும் பார்த்துக்கொள்கிறது. அதனால் மூட்டு கணுவை ஒட்டி வரட்டும், முதலில் துளை, பிறகு பிரம்பாலோ கயிற்றாலோ சுற்றிக் கட்டு. மட்டமாக உட்காரவேண்டும் என்று மேல்தோலைச் சீவினீர்களா? அங்கேதான் பலமே. வெளியே வைரம், அதாவது கெட்டிப் பகுதி, உள்ளது புல், உள்ளே வைரமுள்ளது மரம் என்று தொல்காப்பிய மரபியல் பிரித்து வைத்திருக்கிறது. மூங்கில் புல். தேக்கைச் சீவுவது போல அதைச் சீவக்கூடாது.

மாவு, மூங்கிலின் மாவுச்சத்தைத் தின்னும் வண்டின் வேலை. வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைத்திருக்க வேண்டும். அடுத்ததற்கு, உள்ளே கிட்டத்தட்ட கெட்டியாக இருக்கும் கல்மூங்கில் கிடைத்தால் வாங்குங்கள். பொள்ளல் மூங்கில்தான் என்றால், ஸ்டூலின் உயரத்தைப் பேப்பரில் முடிவு செய்யாமல், கையில் இருக்கும் கழியின் கணு இடைவெளியை அளந்து அதன்படி வையுங்கள். பிளந்த காலை எறிந்துவிடாதீர்கள், குறுக்கே வெட்டி விரிசல் எந்தக் கணுவில் நின்றது என்று பாருங்கள்.